நாற்றங்காலில் முளைக்கும் விலை

சென்னை கோயம்பேடு சந்தையில் ஒரு நாளின் தக்காளி விலை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே முடிவாகிவிடுகிறது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி, பலமநேர், கர்நாடகத்தின் கோலார், சிந்தாமணி, நம்மூர் கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பல பக்கங்களிலிருந்தும் லாரிகள் ராத்திரியில் வந்து நிற்கும். வண்டி குறைவு என்று தெரிந்த மாத்திரத்தில் பெட்டி விலை ஏறிவிடும். குட்டியானை வண்டியோடு காத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர் பேரம் பேசிப் பார்ப்பார். ஆனால் தக்காளி இல்லாமல் கடை திறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். காலை எட்டு மணிக்கு மேல் நிலைமை தலைகீழ். வெயில் ஏற ஏறப் பழம் இளகும். மிஞ்சிய பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய அவசரம் இப்போது மண்டிக்காரருக்கு.

மறுநாள் செய்தித்தாளில் இவ்வளவும் 'வரத்து குறைவால் விலை உயர்வு' என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். பொய்யில்லை, பாதி உண்மை. அந்த வரத்து ஏன் குறைந்தது என்று கேட்டால், கோயம்பேட்டை விட்டு வெளியேறி, நாள்காட்டியில் மூன்று நான்கு மாதம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

2023-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஜூலையில் தக்காளி சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வடக்கே சில நகரங்களில் இருநூறையும் தொட்டது. கோலார் மண்டியில் 15 கிலோ பெட்டி இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் வட, கிழக்கு இந்தியக் கடைகள் பலவற்றில் பர்கரிலிருந்து தக்காளியை எடுத்துவிட்டது. தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும், பிறகு சென்னையின் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசு தேசிய நுகர்வோர் கூட்டுறவு சம்மேளனம் மூலம் டெல்லியில் 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கி, 80, 70 என்று இறக்கியது. ஆகஸ்ட் 10 அன்று, நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி தொடங்கிவிட்டதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி டன் விளைவித்து, சீனாவுக்கு அடுத்து உலகிலேயே அதிகம் தக்காளி விளைவிக்கும் நாடு நேபாளத்திடம் கை நீட்டியது.

இவையெல்லாம் பரவலாகப் பேசப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் நாசிக் பக்கம் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டியது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மண்டியில் கிலோவுக்கு ஓரிரு ரூபாய்தான் கேட்டார்கள். பறிகூலிகூடக் கட்டாத விலை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கிலோ ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 15 கிலோ பெட்டிக்கு 75 ரூபாய். பல மண்டிகளில் கமிஷன் நூற்றுக்குப் பத்து. ஏழரை ரூபாய் அங்கேயே போயிற்று. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, காலிப் பெட்டிக்கான வாடகை எல்லாம் விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாதவை. இவை போக மிஞ்சுவதில்தான் பறிக்க வந்த பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நாற்று, உரம், மருந்து, பந்தல் கம்பு, சணல் ஆகியவற்றுக்குப் போட்ட பணம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. இந்த நிலையில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதுதான் நஷ்டத்தைக் குறைக்கும் வழி. டிராக்டரை விட்டுத் தோட்டத்தை உழுகிறவர் கோபத்தில் செய்கிறார் என்று தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பெரும்பாலும் அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

அப்படி உழுதவர் அடுத்த போகத்துக்கு மறுபடி தக்காளி நடுவாரா? சிலர் நடுவார்கள், பலர் பீன்சுக்கோ சோளத்துக்கோ மாறிவிடுவார்கள். நட்டவர்களும் மருந்தடிப்பதில், உரம் வைப்பதில் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். நாற்று நட்டு முதல் பறிப்புக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆக, கோடையில் விலை கேட்டு நொந்தவர்கள் நடாமல் விட்ட பழம் மழைக்காலத் தொடக்கத்தில் சந்தைக்கு வராது. 2023-இல் இதோடு இன்னும் சில சேர்ந்துகொண்டன. மார்ச், ஏப்ரல் வெயிலில் பூ உதிர்ந்தது. கோலார் பக்கம் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் தோட்டங்களைப் பிடித்தது. மகாராஷ்டிரத்தில் வெள்ளரி தேமல் வைரஸ். ஜூலையில் வடக்கே கொட்டிய மழை பாதைகளை அடைத்தது. ஜூலை, ஆகஸ்ட் எப்போதுமே தக்காளிக்கு மெலிந்த மாதங்கள். அந்த ஆண்டு எலும்புதான் மிஞ்சியது.

வரத்து பாதியானால் விலை இரண்டு மடங்காக வேண்டும், ஏன் ஐந்து மடங்காகிறது என்ற கேள்வி நியாயமானது. இதைப் பதுக்கல் என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் பழுத்த தக்காளியை எத்தனை நாள் பதுக்க முடியும்? சாம்பாருக்கும் ரசத்துக்கும் வேண்டியது வேண்டும். நாலு பழம் போடுகிற இடத்தில் இரண்டு போடலாம், புளியைக் கூட்டலாம், ஆனால் அடியோடு விட்டுவிடுகிற வீடுகள் குறைவு. ஓட்டல்காரருக்கு அந்தச் சலுகையும் இல்லை. வாங்குகிறவர்கள் விலகாதவரை, இருக்கிற கொஞ்சத்துக்காக விலை ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போதும் இதே கதைதான். விலை கால்வாசியானது என்பதற்காக யாரும் நான்கு மடங்கு ரசம் வைப்பதில்லை. அதனால் கொஞ்சம் மிகுந்தாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடுகிறது.

பொருளாதாரப் பாடநூல்களில் இதற்குச் 'சிலந்திவலைத் தேற்றம்' என்று பெயர். 1934-இல் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் வைத்த பெயர். இன்றைய விலையைப் பார்த்து நாளைய விளைச்சலை எல்லோரும் ஒரே சமயத்தில் முடிவு செய்தால், விலையும் விளைச்சலும் மாறி மாறி எதிர்த் திசைகளுக்கு ஓடும். அந்தக் கோடுகளை வரைந்தால் வலைபோல் இருக்கும். அந்நாளில் பொருளியலாளர்கள் பேசிக்கொண்டிருந்தது ஐரோப்பியப் பன்றிப் பண்ணைகளைப் பற்றி. அது கிருஷ்ணகிரி பக்கத்து ராயக்கோட்டைத் தக்காளிக்கும் அப்படியே பொருந்துகிறது. 2023 ஜூலை விலையைப் பார்த்துத் தென்னிந்தியா முழுக்க நாற்று வாங்க ஓடினார்கள். செப்டம்பரில் அத்தனையும் சேர்ந்து பறிப்புக்கு வந்தது. ஆந்திரத்தின் பத்திகொண்டா போன்ற மண்டிகளில் கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போய், தக்காளி மறுபடியும் சாலைக்கு வந்தது. கோடீஸ்வரரான தக்காளி விவசாயி என்று ஜூலையில் ஊடகங்கள் கொண்டாடியது, பழம் கையிலிருந்த சிலரின் கதை. அதைப் படித்துவிட்டு நட்டவர்களின் கதை செப்டம்பரில் நடந்தது.

இந்த ஆட்டம் நாட்டின் பணவீக்கத்திலும் தெரிந்தது. சில்லறை விலைப் பணவீக்கத்தைக் கணக்கிடும் கூடையில் தக்காளிக்கு அப்போது இருந்த பங்கு 0.57 சதவீதம். வெங்காயம், உருளைக்கிழங்கு இரண்டையும் சேர்த்தாலும் இரண்டேகால் சதவீதத்துக்குள். ஆனாலும் 2023 ஜூன் மாதத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44 சதவீதமானதற்குக் காய்கறிகளே முக்கியக் காரணம். அதில் முன்னால் நின்றது தக்காளி. வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் ரிசர்வ் வங்கிக் குழுவே தக்காளியைப் பற்றிப் பேச நேர்ந்தது. வட்டியை ஏற்றினால் தக்காளி விளையாது என்பதுதான் அவர்களுடைய சங்கடம்.

அதே ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 காசு என்று மதிப்பிட்டது. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மீதி 67 காசையும் இடைத்தரகர் விழுங்கிவிட்டார் என்று சட்டென்று முடிவுகட்டக் கூடாது. தூரத்து ஊருக்கு அனுப்பும் தக்காளியைச் செங்காயாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். வழியில் பழுக்கும், நசுங்கும், அடிப்பெட்டி அழுகும். மண்டியில் ரகம் பிரிக்கும்போது கொஞ்சம் கழியும். தெருமுனைக் கடையில் மாலைக்குள் விற்காததில் கொஞ்சம். இத்தனை கழிவுக்கும் சேர்த்துத்தான் கடைக்காரர் விலை வைக்கிறார். அதே சமயம், மொத்த விலை ஏறினால் மறுநாளே ஏறும் சில்லறை விலை, இறங்கும்போது மட்டும் ஒரு வாரம் யோசிக்கிறதே என்ற இல்லத்தரசிகளின் குறையும் உண்மைதான்.

வெங்காயத்தின் கதை கொஞ்சம் வேறு. அதைச் சேமித்து வைக்கலாம். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பட்டறையில் காற்றோட்டமாகப் போட்டு, சில மாதங்கள் வைத்திருந்து விற்கிறார்கள். நாசிக்கின் பெரிய வெங்காயமும் அப்படியே. நாட்டின் வெங்காயத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கோடையை ஒட்டி அறுவடையாகும் ரபி பருவத்துடையது. அதுதான் அடுத்த கரீஃப் அறுவடை வரும் அக்டோபர், நவம்பர் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் புரட்டாசி, ஐப்பசி வந்தால் வெங்காய விலைக்குக் காய்ச்சல் வரும், ஆட்சியாளர்களுக்கும் வரும். 1998-இல் டெல்லி மாநில ஆட்சி கைமாறியதில் வெங்காயத்துக்கும் பங்குண்டு என்பதைக் கட்சிகள் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பயத்தில் மத்திய அரசு உடனே கை வைப்பது ஏற்றுமதியில். 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பர் 8-இல் முழுத் தடை, தேர்தல் நடுவே 2024 மே 4-இல் தடை நீக்கம், பிறகு படிப்படியாக வரிக் குறைப்பு, 2025 ஏப்ரல் 1 முதல் வரியே இல்லை. தடை போட்ட மறுநாளே நாசிக் பக்கத்து லாசல்காவ் மண்டியில் விலை சரியும்; கொழும்பிலும் டாக்காவிலும் ஏறும். இந்தத் தடையில் சின்ன வெங்காயமும் சேர்ந்தே மாட்டிக்கொள்வது தமிழக விவசாயிகளின் நெடுநாள் புகார். இலங்கை, மலேசியா, சிங்கப்பூருக்குப் போகும் சரக்கு அது. நாசிக் வெங்காயம் விலையேறினால் இதை ஏன் நிறுத்த வேண்டும், இதற்கு ஏற்றுமதியில் தனிக் குறியீடு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தக்காளிக்குப் பட்டறை போட முடியாது. குளிர்பதனக் கிடங்கு சில வாரங்களுக்குத் தாங்கும். அதற்கான செலவு மலிவுக்காலத் தக்காளியின் விலையைவிடக் கூட. சாஸ், கூழ் ஆலைகள் கட்டலாமே என்பது ஒவ்வொரு விலைச்சரிவிலும் எழும் யோசனை. ஆலைக்குச் சதைப்பற்றும் கெட்டியும் உள்ள தனி ரகம் வேண்டும். நாம் சமைக்கப் பயிரிடும் தக்காளியில் நீர் அதிகம். ஆண்டில் பல மாதங்கள் நிதானமான விலையில் பழம் கிடைத்தால்தான் ஆலை ஓடும். நூறு ரூபாய் விற்கும் மாதங்களில் ஆலைக்கு யார் பழம் கொடுப்பார்கள்? 2018-இல் மத்திய அரசு தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 500 கோடி ரூபாயில் அறிவித்த 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் ஐந்தாண்டு கழித்து வந்த 2023-ஐத் தடுக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விலையைப் பற்றிய தகவலுக்குப் பஞ்சமே இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மையங்களிலிருந்து தினமும் விலை திரட்டுகிறது. கண்காணிக்கும் பொருள்களை 2024 ஆகஸ்டில் 22-இலிருந்து 38 ஆக்கினார்கள். எந்த மண்டியில் நேற்று என்ன விலை என்று எந்த விவசாயியும் கைபேசியில் பார்க்கலாம். அவருக்கு நிஜமாகவே வேண்டிய தகவல் வேறு: தான் நடப்போகிற இந்த மாதத்தில் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் எத்தனை ஏக்கர் நடுகிறார்கள்? இது ஓரளவுக்கேனும் தெரிந்தவர்கள் நாற்றுப்பண்ணைக்காரர்கள்தான். குழித்தட்டு நாற்றுக்கு முன்பதிவு கூடினால் அடுத்த மூன்றாம் மாதம் என்ன நடக்கும் என்று அவர்களால் சொல்லிவிட முடியும். பண்ணை வாரியாக அந்தக் கணக்கைத் திரட்டி வாராவாரம் வெளியிடுவது, நேபாளத்திலிருந்து லாரி வரவழைப்பதைவிடச் செலவு குறைந்த வேலை.

விலை சரிந்தால் தலையிடுவதற்கும் ஒரு திட்டம் ஏட்டில் இருக்கிறது. சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் விதிகள் 2025 தொடக்கத்தில் திருத்தப்பட்டன. விலை முந்தைய இயல்பான ஆண்டைவிடக் குறைந்தது 10 சதவீதம் சரிந்திருந்தால், விளைச்சலில் 25 சதவீதம் வரை கொள்முதல் செய்யலாம். கொள்முதல் செய்யாமல், விலை வித்தியாசத்தை நேரடியாக விவசாயி கணக்கில் போடவும் செய்யலாம். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கை விளைச்சல் மிகுந்த இடத்திலிருந்து தேவைப்படும் ஊருக்குக் கொண்டுபோகும் வண்டிச் செலவையும் ஈடுகட்டலாம். முதலில் மத்தியப் பிரதேசத் தக்காளிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இதற்கு மாநில அரசு முதலில் விண்ணப்பிக்க வேண்டும், செலவில் பங்கேற்கவும் வேண்டும். அந்தக் கோப்பு சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்புகிற நாள்களுக்குள் செடியில் பழுத்த தக்காளி எத்தனை பறிப்பு தாண்டியிருக்கும் என்பதை ராயக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.