மண்டபத்தில் அதிர்ந்த தவில், ரெக்கார்டிங்கில் மட்டும் காணோமே... ஏன்? டிஜிட்டல் மிக்ஸரையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது எப்படி?

காரைக்குடி பக்கம் கல்யாணம், கோயில் விழா என்றால் நாகஸ்வரமும் தவிலும் கட்டாயம் இருக்கும். நேரில் கேட்டவர்களுக்கு தவில் சத்தம் நெஞ்சில் அதிரும். அதே நிகழ்ச்சியின் வீடியோவை மறுநாள் ஹெட்போனில் கேட்டால், தவில் எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போல இருக்கும். மைக் மோசமா? பெரும்பாலும் இல்லை. மிக்ஸரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எந்த ஒலியை அனுப்பினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மண்டபத்துக்கான மிக்ஸ் வேற... ரெக்கார்டிங் வேற!

மண்டபத்தில் சவுண்ட் என்ஜினியர் செய்யும் மிக்ஸ், அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. தவில் தானாகவே ஊரைக் கூட்டும் வாத்தியம். அதனால் ஸ்பீக்கரில் அதைக் குறைத்து, குரலையும் வயலினையும் தூக்கி வைப்பார். அங்கே அது சரியான முடிவு.

ஆனால், ஸ்பீக்கருக்குப் போகும் அதே இரண்டு டிராக்கை கம்ப்யூட்டரிலும் பதிவு செய்தால், நேரில் காதுக்கு வந்த தவில் அதில் வராது. ஸ்பீக்கருக்குப் போன கொஞ்சம் தவில் மட்டுமே பதிவாகும். கலந்த காபியிலிருந்து பாலைப் பிரிக்க முடியுமா? இப்போது ஏஐ கருவிகள் ஓரளவு பிரித்துத் தருகின்றன. ஆனாலும் தனி டிராக்கின் தெளிவு கிடைக்காது.

அப்போ என்ன பண்ணலாம்?

ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்வதுதான் தீர்வு. இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் ஒரே யுஎஸ்பி கேபிளில் இதைச் செய்யலாம். பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரின் யுஎஸ்பி கார்டு 32 சேனல்களை அனுப்பும், 32 சேனல்களைத் திரும்ப வாங்கும். யமஹா டிஎஃப் வரிசையில் இது 34.

ஒரு எச்சரிக்கை: 'யுஎஸ்பி இருக்கு' என்ற ஒரே காரணத்துக்காக மிக்ஸர் வாங்க வேண்டாம். விலை குறைந்த பல சின்ன மிக்ஸர்களின் யுஎஸ்பி, கலந்து முடித்த இரண்டு டிராக்கை மட்டுமே அனுப்பும்.

ரூட்டிங்: நாலே ஸ்டெப்

1. விண்டோஸ் லேப்டாப் என்றால் மிக்ஸர் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். மேக்கில் பெரும்பாலும் டிரைவர் தேவைப்படாது.

2. மிக்ஸரின் ரூட்டிங் பக்கத்தில், எந்த ஒலி கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்32-ல் இதற்குப் பெயர் 'கார்டு அவுட்'. சேனல்களை எட்டு எட்டாக ஒதுக்கலாம். 'லோக்கல் 1-8' என்று வைத்தால், முதல் எட்டு மைக்குகளின் ஒலி ஃபேடருக்கும் ஈக்யூவுக்கும் முன்பே, அப்படியே போகும். என்ஜினியர் தவில் ஃபேடரை இறக்கினாலும் ரெக்கார்டிங் பாதிக்காது. கெயினைத் திருகினால் மட்டும் பாதிக்கும்.

3. ரீப்பர், கியூபேஸ், லாஜிக் புரோ... எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேராக இருந்தாலும், ஆடியோ டிவைஸில் மிக்ஸரைத் தேர்வு செய்து, முதல் டிராக்குக்கு முதல் இன்புட், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

4. கூட்டத்தைப் பார்த்தபடி இரண்டு மைக் கூடுதலாக வைத்து, அவற்றை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுப்பலாம். கைத்தட்டலும் 'சபாஷ்' குரலும் இல்லாத கச்சேரி, காலி மண்டபத்தில் வாசித்தது போலத்தான் இருக்கும்.

திரும்பி வரும் ஒலி

கம்ப்யூட்டரில் பதிவானதை மறுபடி மிக்ஸருக்கே அனுப்பவும் முடியும். எக்ஸ்32-ல் இன்புட் ரூட்டிங்கை 'லோக்கல்' என்பதிலிருந்து 'கார்டு' என்று மாற்றினால், நேற்றைய கச்சேரி இன்று காலை அதே சேனல்களில் ஓடும். கலைஞர்கள் வரும் முன்பே ஒலியைச் சரிசெய்யலாம். இதற்குப் பெயர் விர்ச்சுவல் சவுண்ட் செக். பல நாள் விழாக்களுக்கு ரொம்பவே உதவும். ஆனால் மைக் திறந்திருக்கும்போது வரும் 'கீ...' சத்தத்தை இதில் சோதிக்க முடியாது. முடிந்ததும் 'லோக்கல்' என்று திருப்பி வைக்க மறந்தால், மேடையில் ஒரு மைக்கும் பேசாது!

எங்கே சொதப்பும்?

* மிக்ஸர் 48 கிலோஹெர்ட்ஸ், சாஃப்ட்வேர் 44.1 என்று இருந்தால் 'டிக் டிக்' சத்தம் வரலாம். 48-ல் பதிவானதை 44.1 வேகத்தில் ஓட்டினால் பாட்டு இழுபடும், சுருதி அரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும்.

* சாஃப்ட்வேரில் இன்புட் மானிட்டரிங்கை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் மிக்ஸரிலிருந்து போன ஒலி மிக்ஸருக்கே திரும்பி, எதிரொலியாகச் சுற்றும்.

* 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி எடுக்கும். 16 டிராக், மூன்று மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 25 ஜிபி. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்த ஊருக்கு ஏன் முக்கியம்?

1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தை ஏவி.எம். நிறுவனம் காரைக்குடியில் இருந்த தன் ஸ்டுடியோவில்தான் எடுத்தது. பாடகர், வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்தே பாட்டு பதிவான காலம் அது. பிரிக்க வேண்டும் என்று நினைத்தாலும் அன்று வழி கிடையாது. இன்று இருக்கிறது.

சா.கணேசன் 1939-ல் தொடங்கிவைத்த கம்பன் விழா நடக்கும் ஊர் இது. மிருதங்க மேதை காரைக்குடி மணி (1945-2023) பிறந்த ஊரும் இதுதான். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக், தனித்தனி டிராக் இருந்தால், வாசிப்பின் நுணுக்கத்தை நாளை கற்றுக்கொள்ளும் மாணவரும் பிரித்துக் கேட்கலாம்.

மேடையில் பேசியதும் வாசித்ததும் மறுபடி அதேபோல நடக்காது. அதனால் நிகழ்ச்சிக்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒவ்வொரு டிராக்கையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். முடிந்ததும், மிக்ஸரை மூட்டை கட்டும் முன்பே இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.