உஸாமாவின் நானா என்ன கட்டினார்?

உம்ராவுக்குப் போய் வந்திருந்த எங்களூர் மாணிக்க வியாபாரி ஒருவரைப் பார்த்து ஸலாம் சொல்லிவரப் போயிருந்தோம். ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் பரிமாறியாயிற்று. ஹாஜியார் போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். கஃபாவுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் வந்தபோது, என்னிடம் தரம் 10இல் படிக்கும் அவரது பேரன் கேட்டான்: "சேர், இதக் கட்டினது உஸாமா பின் லாடன்ட நானாவாம். மெய்யா?"

பேச்சு அப்படியே நின்றுவிட்டது. 2019க்குப் பிறகு எங்கள் பக்கத்து வீடுகளில் சில பெயர்களை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "மெய்தான்" என்றேன். ஹாஜியார் பேச்சை மாற்றினார். பையனுக்கு அன்று சொல்ல முடியாமற் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வாப்பாவின் கதை. முஹம்மத் பின் அவழ் பின் லாடன், யெமனின் ஹழ்ரமவ்த் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி ஜித்தாவுக்கு வந்தவர். துறைமுகத்தில் சுமை தூக்கினார். 1931இல் சிறியதாக ஒரு கட்டட நிறுவனம் தொடங்கினார். அரச குடும்பத்தின் நம்பிக்கை கிடைத்ததும் மாளிகை, நெடுஞ்சாலை, மலைப்பாதை என்று வேலைகள் வந்து குவிந்தன. மக்காவிலும் மதீனாவிலும் பள்ளிவாசல் விரிவாக்க வேலைகளைச் செய்தார். 1960களில் பைத்துல் முகத்தஸில் குப்பதுஸ் ஸக்ராவின் திருத்த வேலையிலும் அவருடைய பங்கு இருந்தது. 1967 செப்டெம்பரில் விமான விபத்தொன்றில் வபாத்தானபோது அவருக்குப் பிள்ளைகள் ஐம்பதுக்கும் மேல். உஸாமாவுக்கு அப்போது பத்து வயது.

மூத்த மகன் ஸாலிம் பிறகு பொறுப்பேற்றார். அவரும் 1988 மே மாதம் அமெரிக்காவின் டெக்ஸாஸில் சிறிய ரக விமானம் ஒன்றை ஓட்டும்போது விழுந்து இறந்தார். அதன் பின்னர் தலைமைக்கு வந்தவர்தான் பையன் கேட்ட "நானா", பக்ர் பின் லாடன். மியாமிப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்தவர். உஸாமாவுக்கும் அவருக்கும் வாப்பா ஒருவர், உம்மாமார் வேறு வேறு.

பக்ரின் காலத்தில்தான் நிறுவனம் 'சவூதி பின்லாடன் குழுமம்' என்ற பெயரில் பெரிதாகியது. மன்னர் பஹ்தின் காலத்து இரு ஹரம்களின் விரிவாக்கம், விமான நிலையங்கள், பிறகு 601 மீற்றர் உயரமான அந்த மணிக்கூட்டுக் கோபுரம், ஜித்தாவில் ஆயிரம் மீற்றரைத் தாண்டும் என்று அறிவிக்கப்பட்ட கோபுரம். கடந்த முப்பது வருடங்களில் ஹஜ்ஜுக்குப் போன எவரும் இந்தக் குடும்பம் போட்ட பளிங்குக் கல்லில் கால் வைக்காமல் திரும்பியிருக்க முடியாது. மணிக்கூட்டுக் கோபுரத் தொகுதிக்காக உஸ்மானியர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. துருக்கி கடுமையாக எதிர்த்தது. முடிவு அரசாங்கத்தினுடையது. என்றாலும் என்னைப் போல வரலாறு படிப்பிப்பவர்களுக்கு அது ஆறாத விஷயம்.

இனித் தம்பி. உஸாமாவும் 1980களில் குடும்ப நிறுவனத்தில் வேலை செய்தவர்தான். ஆப்கானிஸ்தானுக்குக் கட்டட இயந்திரங்களைக் கொண்டு போனதும் அந்தக் காலத்தில்தான். குவைத் யுத்தத்தின் பின்னர் சவூதி அரசாங்கத்தோடு முறுகி சூடானுக்குப் போனார். 1994 பெப்ரவரியில், உஸாமாவின் செயல்களைக் கண்டிப்பதாகக் குடும்பத்தின் சார்பில் பக்ர் பகிரங்க அறிக்கை விட்டார். அதே வருடம் சவூதி அரசு உஸாமாவின் குடியுரிமையைப் பறித்தது. நிறுவனத்தில் அவருக்கிருந்த பங்கும் விற்கப்பட்டது. முப்பது கோடி டொலர் வாரிசுச் சொத்து வைத்திருந்தார் என்று உலகமே பேசியது. அமெரிக்காவின் செப்டெம்பர் 11 விசாரணை ஆணைக்குழு கண்டதோ வேறு: 1970 முதல் 1994 வரை வருடத்துக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர், அதன் பின்னர் அந்த வழி அடைபட்டுவிட்டது.

இரட்டைக் கோபுரங்கள் விழுவதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே கைகழுவிய குடும்பம் இது. அப்படியிருந்தும் 2001இல் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தது. அமெரிக்காவில் படித்துக்கொண்டும் தொழில் செய்துகொண்டும் இருந்த உறவினர்கள் செப்டெம்பர் 20ஆம் திகதி ஒரு விமானத்தில் புறப்பட்டார்கள். அதிலிருந்த 26 பேரில் 22 பேரை எஃப்.பி.ஐ. விசாரித்தது. தாக்குதலோடு எவருக்கும் தொடர்பு காணப்படவில்லை.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்ட நாளிலிருந்தே சப்ரகமுவ முஸ்லிம்கள் இதை அறிவார்கள். ஏப்ரல் 21க்குப் பிறகு கேட்கவே வேண்டாம். தோட்டத்துச் சந்தியில் தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள்கூட, யாருடைய உறவு, எந்த ஊர்ச் சம்பந்தம் என்று விசாரிக்கப்பட்டார்கள். அந்த மே மாதம் பாடசாலைகள் மறுபடி திறந்தபோது, மாமா ஒருவர் விசாரணையில் இருந்த ஒரு மாணவன் என் வகுப்பில் இருந்தான். பிள்ளைகள் அவனை மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அதட்டினேன். ஆனால் இடைவேளையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா உங்கட வீட்டுக்கு அடிக்கடி வாறவரா?" என்று கேட்டவனும் நானே. அவன் பதில் சொல்லவில்லை. ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்று அதே வாயால்தான் இஸ்லாம் பாடத்தில் படிப்பிக்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். குறைவாகப் பேசப்படுவது இதன் மறுபக்கம். தம்பியின் பாவத்துக்கு நானா பொறுப்பில்லை என்று வாதாடி வாதாடி, நானாவின் சொந்தக் கணக்கைக் கேட்க மறந்துபோகிறோம். "பாருங்கள், அந்தக் குடும்பம் ஹரத்தைக் கட்டிய குடும்பம்" என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. தம்பியின் பெயரால் ஒருவரைக் குற்றவாளியாக்குவது பிழையென்றால், பள்ளிவாசலின் பெயரால் அவரைக் கேள்விக்கு அப்பால் வைப்பதும் பிழைதானே.

2015 செப்டெம்பர் 11, வெள்ளிக்கிழமை. தேதியின் ஒற்றுமையில் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருந்தன. மழையும் காற்றும் அடித்தபோது விரிவாக்க வேலைக்காக நிறுத்தியிருந்த இராட்சத கிரேன் ஒன்று மஸ்ஜிதுல் ஹராமுக்குள் சரிந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள், ஏறத்தாழ 400 பேர் காயப்பட்டார்கள். வேலை நடக்காத நேரத்தில் கிரேனின் கையை இறக்கி வைத்திருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை என்று சவூதி விசாரணையே சொன்னது. மன்னர் ஸல்மான் நிறுவனத்துக்குப் புதிய ஒப்பந்தங்களைத் தடை செய்தார், நிர்வாகிகள் வெளிநாடு செல்வதைத் தடுத்தார். மரணித்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து இலட்சம் ரியால் அறிவிக்கப்பட்டது.

எண்ணெய் விலையும் அந்த நேரம் விழுந்தது. அரசாங்கத்திடமிருந்து வரவேண்டிய பணம் தாமதமானது. அந்தப் பாரம் போய் இறங்கியது கூலியாளின் தலையில். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. 2016இல் 77,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களை நிறுவனம் நீக்கியதாகச் செய்தி வந்தது. மக்காவில் சம்பளம் கிடைக்காதவர்கள் கம்பெனி பஸ்களுக்குத் தீ வைத்தார்கள். லயத்து அறையிலிருந்து வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாதாமாதம் வங்கி வாசலில் நிற்கும் உம்மாமாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். பஸ் எரிந்த செய்தியை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

2017 நவம்பரில் இளவரசர்களோடும் செல்வந்தர்களோடும் சேர்த்து பக்ரும் ரியாதில் தடுத்து வைக்கப்பட்டார். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல் அப்போது சிறையாகியிருந்தது. ஊழல் ஒழிப்பு என்றார்கள். ஆனால் பகிரங்க வழக்கு எதுவும் நடக்கவில்லை. கடைசியில் நிறுவனத்தின் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானது அரசின் கைக்குப் போனது. அரச குடும்பத்தின் தயவால் வளர்ந்தது அதே குடும்பத்தின் ஒரு கையசைவில் சுருங்கியது. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குக் கேட்பதென்றால் நீதிமன்றத்தில், எல்லோரும் பார்க்கக் கேட்க வேண்டும்.

கிரேன் வழக்கு அப்படி நீதிமன்றத்துக்குப் போனது. 2017இல் மக்கா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது. மேன்முறையீடு, மறு விசாரணை என்று இழுபட்டு, 2023இல் நிறுவனம் கவனயீனமாக இருந்தது என்ற தீர்ப்போடு இரண்டு கோடி ரியால் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் உஸாமாவைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. காற்றடிக்கும் நாளில் அந்த இரும்புக் கையை ஏன் மேலே விட்டு வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி.