இயேசு நின்ற இடத்தில் சூரியன்

ஆம்ஸ்டர்டாமின் வான்கா அருங்காட்சியகத்தில், இறந்த லாசருவை இயேசு உயிர்ப்பிக்கும் பைபிள் காட்சியின் ஓவியம் ஒன்று இருக்கிறது. வின்சென்ட் வான்கா 1890 மே மாதம் தீட்டியது. உருவங்கள் அவருடையவை அல்ல; 1632 வாக்கில் ரெம்பிராண்ட் செய்த அச்சுப்படத்திலிருந்து எடுத்தவை. ஆனால், மூலத்தில் எல்லோருக்கும் மேலாக ஓங்கி நின்று கையை உயர்த்தும் இயேசு, வான்காவின் படத்தில் இல்லை.

ரெம்பிராண்ட் கையாண்டது எட்சிங் முறை. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தில் அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். ஒரே தகட்டிலிருந்து எத்தனையோ பிரதிகள். தேவாலயச் சுவரிலும் அரண்மனையிலும் மாட்டியிருந்த ஓவியங்களை நேரில் பார்க்க முடியாதவர்கள் இத்தகைய தாள்களைப் பார்த்தே கற்றார்கள். ரெம்பிராண்டும் அப்படிக் கற்றவர்தான். அவர் 1656இல் கடனில் மூழ்கியபோது எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில் பிற மேதைகளின் அச்சுப்படங்கள் ஏராளம்.

அச்சுப்படத்தைப் பார்த்து வரையும் இந்த வழக்கம் வான்காவுக்கு வேறொரு தேவையிலிருந்து வந்தது. பிரான்சின் தெற்கே, சேன் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த அவருக்கு எதிரே உட்கார மாடல்கள் கிடையாது. 1890 பிப்ரவரியில் தாக்கிய நோய் ஏறக்குறைய இரண்டு மாதம் விடவில்லை. பாரிஸிலிருந்து தம்பி தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளைத் தாள்கள்தாம் துணை. ஓவியர்கள் மில்லே, தெலாக்ருவா ஆகியோரின் படங்களையும் அப்படித்தான் வரைந்தார். தெலாக்ருவாவின் ‘நல்ல சமாரியன்’ வான்காவிடம் இடவலம் மாறியிருப்பதற்குக் காரணம், இடையில் இருந்த அச்சுப்படம்.

அச்சுப்படத்தில் வண்ணம் இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். கோடும் நிழலும் ரெம்பிராண்டுடையவை. வண்ணம் முழுவதையும் வான்காவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பீத்தோவனின் இசையை ஒருவர் தன் போக்கில் வாசிப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று தியோவுக்கு எழுதினார். லாசருவின் குகைக்கு ஊதா, மஞ்சள், வெள்ளை. ஒரு பெண்ணுக்குப் பச்சை உடை, ஆரஞ்சு நிறக் கூந்தல். பின்னால் நீல மலைகள். ரெம்பிராண்ட் ஒளியையும் இருளையும் மோதவிட்டுச் சொன்னதை இந்த வண்ணங்கள் சொல்லிவிடும் என்று நம்பினார். நெட்டுவாக்கிலிருந்த படத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் குறுக்குவாக்கில் விரித்தார். இயேசுவின் ஒளிக்குப் பதிலாக மஞ்சள் சூரியன்.

இதை நாத்திகம் என்று படிப்பது தவறு என்றே நினைக்கிறேன். அவர் போதகரின் மகன். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தாமே நற்செய்தி சொன்னவர். ஓவிய நண்பர்கள் கொகேனும் பெர்னாரும் ஒலிவத் தோட்டத்து இயேசுவைக் கற்பனையில் வரைந்தபோது அவருக்குக் கோபம் வந்தது. கண்ணெதிரே இருக்கும் ஒலிவ மரங்களையே வரைய வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே உயிர் கொடுக்கும் வல்லமையைக் காட்டவும், தினமும் தான் பார்த்த வெயிலையே எடுத்துக்கொண்டார். உயிர்த்தெழும் லாசருவுக்கும் செந்தாடி, வான்காவுக்கும் செந்தாடி.

லாசருவின் சகோதரிகள் மார்த்தாளுக்கும் மரியாளுக்கும்கூட உயிருள்ள முகங்களைத் தேடினார். ஆர்ல் நகரில் காபிக்கடை நடத்திய திருமதி ஜினூவும், தபால் ஊழியர் ரூலாவின் மனைவியும் மாடல்களாகக் கிடைத்தால் இதே காட்சியைப் பெரிய அளவில் வரைந்து பார்ப்பேன் என்று தம்பிக்கு எழுதினார்.