எல்லாருக்கும் திறந்த கதவு



'குடிமைச் சமூகம்' என்ற சொல் அடிக்கடி நம் காதில் விழுகிறது. அரசாங்கம் நடத்தாமல், இலாபத்துக்காகவும் நடத்தாமல், மக்கள் தாங்களாகவே கூடி நடத்தும் சங்கங்கள், சபைகள், குழுக்கள் யாவும் அதில் அடங்கும். ஒரு நாட்டில் அது வலுவாகவும் இன்னொரு நாட்டில் நலிந்தும் இருப்பது ஏன்?

இத்தாலியில் 1970-ல் நாடெங்கும் வட்டார அரசுகளை ஏற்படுத்தினார்கள். அமைப்பு ஒன்றுதான். ஆயினும் வடக்கே அவை நன்றாக இயங்கின. தெற்கே பல இடங்களில் தள்ளாடின. சுமார் இருபது ஆண்டுகள் இதை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் புட்னம், 1993-ல் தம் முடிவை வெளியிட்டார். பாடகர் குழுக்களும் கால்பந்துச் சங்கங்களும் மிகுந்த பகுதிகளில்தான் அரசும் ஒழுங்காக நடந்ததாம். வாரந்தோறும் சேர்ந்து பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் நம்பப் பழகுகிறார்கள். (பாடகர் குழுவில் சண்டையே வராது என்று நாங்கள் சொல்லவில்லை!)

ஆனால் சங்கங்கள் பெருகினால் மட்டும் போதாது. 1920-களில் ஜெர்மனியில் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. கட்சிக்கொன்று, சபைக்கொன்று, வகுப்புக்கொன்று என அவரவர் வேலிக்குள் கூடினார்கள். நாஜிகள் அப்படிப்பட்ட சங்கங்களுக்குள் நுழைந்தே ஆள் சேர்த்தார்கள்.

பிற்காலத்தில் அதே தேசத்தின் கிழக்குப் பகுதி கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்தது. அரசின் பிடிக்கு வெளியே மக்கள் கூடுவதற்கு ஆலயங்களை விட்டால் வேறு இடம் அரிது. லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமை மாலைகளில் சமாதான ஜெபக்கூட்டம் நடந்துவந்தது. சில வாரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்தார்கள். ஆனாலும் கூட்டத்தை நிறுத்தவில்லை. விசுவாசி, அவிசுவாசி என்று பாராமல் யாரும் உள்ளே வரலாம். அந்த ஆலயத்தின் பலம் அதுவே என்று நாங்கள் எண்ணுகிறோம்.

1989 அக்டோபர் 9, அதுவும் ஒரு திங்கட்கிழமை. நகரில் ஆயுதம் தாங்கிய படைகள் குவிக்கப்பட்டன. மருத்துவமனைகளில் படுக்கைகளைக் காலி செய்து, இரத்தமும் ஆயத்தமாக வைக்கச் சொன்னார்கள். அதன் பொருள் மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். மாலையில் ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு சுமார் 70,000 பேர் நடந்தார்கள். பலர் கையில் மெழுகுவர்த்தி இருந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 இரவில், பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்தன.