கப்பலில் பால்கனி ரூம் புக் பண்ணப் போறீங்களா? முதல்ல இன்ச் டேப்பை எடுங்க!

"ஏம்மா, கப்பல்ல திண்ணை வச்ச ரூம் இருக்காமே... அது எத்தனை அடி இருக்கும்?"

தளவாய்புரத்திலிருந்து அத்தை போனில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். நைட்டி வியாபாரம் செய்கிறவர்களுக்கு ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தெருவில் நடந்தாலே தையல் மெஷின் சத்தம் கேட்கும் ஊர். அத்தையும் முப்பது வருடம் அந்த மெஷினில் உட்கார்ந்தவர்தான். இப்போது இரண்டு முழங்காலும் மக்கர் பண்ணுகிறது. மாமாவுக்கு அறுபது முடிந்ததும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் "இங்க வாங்க, மூணு ராத்திரி கப்பல்ல போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டிருக்கிறான். செலவில் பாதி அவனுடையது. மீதி, அத்தை சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் நான்கு வரிகள் இருந்தன. ஜன்னலே இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட். ஜன்னலில் இருந்து பால்கனிக்கு மாறினால் தலைக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுகிறது. அந்தப் பணத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது மட்டும் பட்டியலில் இல்லை. காலம் முழுக்கத் துணியை அளந்து வெட்டியவர், அளவு கேட்காமல் பணம் கட்டுவாரா?

நானும் நாலு நாள் கப்பல் வரைபடங்களோடு உட்கார்ந்தேன். தெரிந்துகொண்டதில் பலவற்றை ஏஜென்ட்டுகள் அவர்களாகச் சொல்வதில்லை.

சென்னைக் கப்பலில் பால்கனி குறைவு

நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் சொகுசுக் கப்பல் என்றதும் நினைவுக்கு வருவது, 2022 ஜூனில் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்த கார்டிலியாவின் 'எம்ப்ரஸ்'தான். அடுத்த வருடம் ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது.

எம்ப்ரஸுக்குப் பழைய பெயர் 'நார்டிக் எம்ப்ரஸ்'. பிரான்ஸில் கட்டப்பட்டு 1990-ல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கடலில் இறங்கியது. மூன்று, நான்கு நாள் குட்டிப் பயணங்களுக்கென்றே வடிவமைத்த கப்பல். அந்தக் காலத்தில் பால்கனி என்பது பணக்காரப் பயணிகளுக்கான சமாசாரம். 1984-ல் வந்த 'ராயல் பிரின்சஸ்' எல்லா அறைகளையும் கடல் பக்கமாக வைத்து, பல அறைகளுக்குப் பால்கனியும் கொடுத்தது அப்போது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. அதனால் எம்ப்ரஸில் பெரும்பாலானவை உள் அறைகளும் ஜன்னல் அறைகளும்தான். பால்கனி உள்ளவை கொஞ்சமே. பால்கனி வேண்டுமென்றால் மினி சூட், சூட் என்று மேலே போக வேண்டும், அவையும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சிங்கப்பூர் கதை வேறு. அங்கிருந்து கிளம்பும் 'ஜென்டிங் ட்ரீம்' 2016-ல் கட்டியது. பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம் போய்வருகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட அறைகளில் பால்கனி உண்டு. அதனால் இங்கே பால்கனி கிடைக்குமா என்பது பிரச்னையில்லை. எந்தப் பால்கனி என்பதுதான்.

மொட்டை மாடியில் ஒரு கப்பல்

சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அத்தை டெய்லர் சாக்பீஸையும் இன்ச் டேப்பையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வரச் சொன்னார். படி ஏறவே ஐந்து நிமிடம் ஆனது அவருக்கு.

பெரிய கப்பல்களில் சாதாரண பால்கனி 40 முதல் 55 சதுர அடி வரை இருக்கும். சில நிறுவனங்கள் சதுர மீட்டரில் போடுவார்கள், அதைப் 10.76-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. சில இடங்களில் அறையின் அளவாகச் சொல்வதிலேயே பால்கனியும் சேர்ந்திருக்கும், சில இடங்களில் தனியாக இருக்கும். "இது பால்கனியோடவா, பால்கனி இல்லாமலா?" என்று கேட்காமல் இரண்டு கப்பலை ஒப்பிடாதீர்கள்.

முதலில் 11 அடி அகலம், 4 அடி ஆழம் என்று ஒரு கட்டம் போட்டோம். 44 சதுர அடி. பக்கத்திலேயே 9 அடிக்கு 5 அடி. இது 45 சதுர அடி. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமாவை உட்கார வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது.

நாற்காலியே இரண்டடியை எடுத்துக்கொள்கிறது. முட்டி இன்னும் ஒன்றரை அடி முன்னால் வருகிறது. 4 அடி ஆழத்தில் மிச்சம் அரை அடி. மாமா காலை நீட்டவும் முடியவில்லை, அவரைத் தாண்டி யாரும் போகவும் முடியவில்லை. "இதுல உங்க மாமா உட்கார்ந்தா, நான் கதவுக்கு உள்ளயேதான் நிக்கணும்" என்றார் அத்தை. 5 அடிக் கட்டத்தில் அவர் காலை நீட்டி உட்கார்ந்தார், மாமா பக்கத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்தார்.

ஆகவே, கேட்க வேண்டியது சதுர அடியை அல்ல. கதவிலிருந்து கைப்பிடி வரை எத்தனை அடி என்பதை. முட்டி வலி உள்ளவர்களுக்கு 4 அடிப் பால்கனி வெறுமனே நின்று பார்க்கிற இடம்தான். நிற்கவே முடியாதவர் அதற்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

அடுத்தது கைப்பிடியின் உயரம். அமெரிக்காவில் 2010-ல் வந்த பயணிகள் கப்பல் பாதுகாப்புச் சட்டம், கைப்பிடி குறைந்தது 42 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. மூன்றரை அடி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது நிம்மதி (நாற்காலியைக் கைப்பிடி ஓரம் போடாமல் இருந்தால்!). ஆனால், அது கண்ணாடியா, இரும்புத் தகடா என்று பாருங்கள். மேற்கே மலை தெரியும் பக்கம் அத்தையை உட்கார வைத்து, ஒரு நைட்டித் துணியை 42 அங்குல உயரத்தில் பிடித்தேன். தென்னந்தோப்பு முழுக்க மறைந்து, மலை உச்சியும் வானமும்தான் தெரிந்தன. இரும்புத் தகடு அடைத்த பால்கனியில் குள்ளமானவர்கள் உட்கார்ந்தால் இதுதான் நிலைமை. கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். கீழ்த்தளங்களிலும் கப்பலின் முன்பகுதியிலும் இப்படி அடைத்த பால்கனிகள் அதிகம் வரும்.

ஒரே பெயர், வேறு வேறு அளவு

ஒரே கப்பலில், பால்கனி என்ற ஒரே பெயரில் விற்கும் அறைகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. 1998-ல் வந்த 'கிராண்ட் பிரின்சஸ்' வகைக் கப்பல்களின் பால்கனிகள் படிக்கட்டு போலத் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு தளத்தில் ஆழம் அதிகம். கீழே உள்ள சிலவற்றை மேல்தளத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கலாம். நைட்டியோடு காலைக் காபி குடிக்க நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. கப்பலின் நடுவில் உடம்பு கொஞ்சம் புடைத்துக்கொண்டு வரும் இடங்களிலும் பால்கனி பெரிதாகும். கப்பலின் பின்முனையில் இருப்பவை பெரும்பாலும் ஆழமானவை. கப்பல் விட்டுச் செல்லும் நுரைப்பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அத்தைக்குப் பின்முனைதான் பிடித்தது. ஆனால், ஜென்டிங் ட்ரீமின் நீளம் சுமார் 335 மீட்டர். பின்கோடி அறை என்றால் ஒவ்வொரு வேளையும் சாப்பிடவும் லிஃப்ட்டுக்கும் அந்த நீளமான வராந்தாவில் நடக்க வேண்டும். கூடவே இன்ஜின் அதிர்வும் இருக்கும். அதனால் மனசில்லாமல் அதை விட்டோம். நடுப்பகுதியில் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும். அலை ஆட்டமும் அங்கேதான் குறைவு.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருக்கும் பால்கனிக்குக் காரணம் இருக்கும். 'பார்வை மறைப்பு' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், எதிரே உயிர்காக்கும் படகு தொங்கும் என்று அர்த்தம். சில பெரிய கப்பல்களில் பால்கனி கடலைப் பார்க்காமல் கப்பலுக்குள்ளேயே பூங்காவைப் பார்க்கும். 2009-ல் வந்த 'ஒயாஸிஸ் ஆஃப் தி சீஸ்' கொண்டுவந்த ஏற்பாடு. இன்னொரு வகை, 80 அங்குலத் திரையில் கடலைக் காட்டும் 'மெய்நிகர் பால்கனி'. 2014-ல் 'நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ்' அறைகளில் தொடங்கியது. அது உள் அறைதான், ஏமாற வேண்டாம். 'கேரண்டி' என்று விற்கும் மலிவு டிக்கெட்டில் பால்கனி உறுதி, ஆனால் எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும். அளவு பார்த்து எடுக்க நினைப்பவர்களுக்கு அது சரிவராது.

அறை எண் கிடைத்ததும் கப்பல் வரைபடத்தில் அதன் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பாருங்கள். மேலே நீச்சல்குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே பாட்டுக் கச்சேரி என்றால் நள்ளிரவு வரை தூக்கம் கிடையாது. மேலும் கீழும் அறைகளே இருந்தால் நல்லது.

வாசல்படியும் காற்றும்

நான் யோசிக்காத ஒன்றை மாமா கேட்டார். "பால்கனிக்குப் போற இடத்துல படி இருக்குமா?" இருக்கிறது. பல கப்பல்களில் பால்கனிக் கதவின் அடியில் சில அங்குல உயரத்துக்கு நிலைப்படி போலத் தடுப்பு இருக்கும். முட்டி மடங்காதவர்கள் தடுக்கி விழ அது போதும். சக்கர நாற்காலிப் பயணிகளுக்கான அறைகளில் அதைச் சமமாக்கியிருப்பார்கள் அல்லது சாய்தளம் வைப்பார்கள். அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு, முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கதவு கனமானது. பால்கனிக் கதவையும் அறைக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று இழுத்து அறைந்து சாத்தும். விரல் பத்திரம். பல கப்பல்களில் பால்கனிக் கதவு திறந்திருந்தால் ஏ.சி நின்றுவிடும். கைப்பிடியில் துணி காயப்போடக் கூடாது, காற்றில் பறந்துவிடும். (தளவாய்புரத்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.)

எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். மும்பையிலிருந்து தெற்கே கோவாவுக்குப் போகும்போது சூரிய அஸ்தமனம் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். சென்னையிலிருந்து தெற்கே இறங்கும்போது சூரிய உதயம் இடப்பக்கம். பருவகாலமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவும் கொந்தளிப்பான காலம். அப்போது பால்கனிக் கதவைத் திறக்கவே மனசு வராது. மலாக்கா ஜலசந்திப் பக்கம் பெரும்பாலும் அவ்வளவு ஆட்டம் இருக்காது.

மகன் குடும்பமும் வருவதால் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கும் விசாரித்தோம். சில கப்பல்களில் நடுவே இருக்கும் தடுப்பைப் பணியாளர்களிடம் சொன்னால் திறந்துவிடுவார்கள். அகலம் இரட்டிப்பாகும். ஆழம் அதேதான். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் இருவர் தங்கினால் தலைக்கு ஆகும் கட்டணம். துறைமுகக் கட்டணமும், ஓர் இரவுக்குத் தலைக்கு இவ்வளவு என்ற சேவைக் கட்டணமும் தனி.

எல்லோருக்கும் பால்கனி தேவை என்று நான் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நீச்சல்குளம், ஷோ, பஃபே என்று சுற்றும் கல்லூரிக் கூட்டத்துக்கு மூன்று ராத்திரிக்கு உள் அறையே தாராளம். மிச்சப் பணத்தில் இறங்கும் ஊரைச் சுற்றலாம். அத்தை மாதிரி மேல்தளத்துக்கு ஏறி இறங்க முடியாதவர்களுக்குக் கப்பலில் கடல் என்பதே அந்த ஐந்தடிதான்.

கடைசியில் அத்தையே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். "கதவுல இருந்து கம்பி வரைக்கும் எத்தனை இன்ச்?" என்று கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, கண்ணாடிக் கைப்பிடி, நடுப்பகுதி, மேலேயும் கீழேயும் அறைகள். நிலைப்படி உண்டு, மகன் கைபிடித்துவிடுவான். முன்பணம் கட்டியாகிவிட்டது, பயணம் அடுத்த மாதம்.

மாடியில் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லையாம். 5 அடிக் கட்டத்துக்குள் இப்போது வடகம் காய்கிறது என்று மாமா போட்டோ அனுப்பியிருக்கிறார்.