புரொஜெக்டர் வாங்கும் முன் டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கிய புரொஜெக்டர் டீப்பாய் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிரிக்கெட் பார்க்க வீடே கூடியாயிற்று. சுவிட்சைப் போட்டால், எதிர்ச் சுவரில் ஏதோ நிழலாடுகிறது. பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. "பேசாம டிவியையே போடுப்பா" என்கிறார் தாத்தா. பதினைந்தாயிரம் ரூபாய் செலவழித்த மகன் முகத்தில் ஈயாடவில்லை.

மெஷினில் கோளாறா? ஒன்றுமில்லை. அதே புரொஜெக்டர் அன்று இரவு ஜன்னல் சாத்திய பெட்ரூமில் பளிச்சென்று படம் காட்டும். வீட்டுக்கு புரொஜெக்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, தங்கள் அறையை.

இருட்டுதான் மூலதனம்

1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். ஊர் ஊராகப் போய் டென்ட் அடித்துப் படம் காட்டினார். அவருக்குப் பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களிலும் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பிக்கும். காரணம் எளிது. புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும். கறுப்பை வீச முடியாது. படத்தில் கதாநாயகியின் கூந்தல் கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால், சுவரில் அந்த இடம் இருட்டாக இருக்க வேண்டும். அறையில் வெளிச்சம் இருந்தால் கூந்தலும் சாம்பல் நிறம்தான்.

ஒரு 20 வாட் எல்.இ.டி டியூப்லைட் சுமார் 2,000 லூமன் வெளிச்சம் தரும். விலை குறைந்த வீட்டு புரொஜெக்டர்கள் பலவற்றின் நிஜமான வெளிச்சம் 200 முதல் 500 லூமன். டியூப்லைட் எரியும்போது யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

பெட்டியில் 9,000 லூமன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். விவரக்குறிப்பில் 'ஆன்ஸி லூமன்' எவ்வளவு என்று தேடுங்கள். திரையில் விழும் வெளிச்சத்தை ஒரே முறையில் அளந்து சொல்லும் கணக்கு அது. அந்த எண்ணே இல்லாத மாடலை விட்டுவிடுவது நல்லது. அதேபோல '4கே சப்போர்ட்' என்றால் 4கே வீடியோவை ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். சுவரில் விழும் தெளிவைச் சொல்வது 'நேட்டிவ் ரெசல்யூஷன்'.

எவ்வளவு லூமன் போதும்?

100 அங்குலப் படம் என்பது சுமார் ஏழேகால் அடி அகலம், நான்கடி உயரம். பரப்பளவு 30 சதுர அடி. டிஜிட்டல் தியேட்டர்களின் அளவுகோலுக்கு, வெள்ளைத் திரையின் ஒவ்வொரு சதுர அடியிலும் ஏறத்தாழ 14 லூமன் விழ வேண்டும். முப்பதைப் பதினான்கால் பெருக்கினால் 420. ஆக, கும்மிருட்டான அறைக்கு 400 - 500 ஆன்ஸி லூமனே தாராளம். பகலில் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டுப் பார்ப்பதானால் அதைப் போல மூன்று, நான்கு மடங்காவது வேண்டும். அப்போதும் இரவுக் காட்சிகள் வெளிறித்தான் தெரியும்.

லூமன் குறைவா? படத்தைச் சிறிதாக்குங்கள். 80 அங்குலப் படத்தின் பரப்பு 19 சதுர அடிதான். அதே வெளிச்சம் குறைந்த இடத்தில் விழுவதால் படம் பளிச்சிடும்.

டேப்பும் நூலும்

அடுத்தது தூரம். விவரக்குறிப்பில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். சுவருக்கும் புரொஜெக்டருக்கும் உள்ள தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால், படத்தின் அகலம் கிடைக்கும். எண் 1.2, தூரம் 8 அடி என்றால் அகலம் 6.7 அடி, அதாவது சுமார் 90 அங்குலப் படம். பத்துக்குப் பதினொன்று பெட்ரூமுக்கு இதுவே பெரிய திரை.

அந்த அளவைச் சுவரில் சாக்பீஸால் குறித்துப் பாருங்கள். பீரோவும் கதவும் குறுக்கே வருகிறதா? பிறகு புரொஜெக்டர் வைக்கப்போகும் இடத்திலிருந்து அந்தக் கட்டத்தின் நான்கு மூலைக்கும் நூல் பிடியுங்கள். நூல் எதிலும் இடிக்கக் கூடாது. சீலிங்கில் மாட்ட நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் நடு அறை ஃபேன்தான் வில்லன். இறக்கை சுற்றச் சுற்ற படமும் வெட்டி வெட்டி வரும். ஓரமாக வைத்து 'கீஸ்டோன்' வசதியால் படத்தை நேராக்கலாம்தான். ஆனால் அப்படி நேராக்கும்போது படத்தின் தெளிவு கொஞ்சம் போகும். சுவருக்கு நேராக வைக்க இடம் இருப்பதே உத்தமம்.

எல்லாருக்குமான ஹால்

கடைசியாக, எந்த டேப்பாலும் அளக்க முடியாத ஒரு கணக்கு. டிவி ஓடும் ஹாலில் ஒரு மூலையில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதலாம், அம்மா காய் நறுக்கலாம். புரொஜெக்டர் ஓடும் ஹாலில் விளக்கை அணைக்க வேண்டும். ஒருவர் படம் பார்க்க, மற்றவர்கள் வேலையை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் பால்கனிக் கதவையும் சாத்திவிட்டால், சாயங்காலம் வரும் கடல்காற்றும் கிடையாது. ஹாலில் ஏ.சி இல்லாத வீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.

அதனால் பல வீடுகளில் ஏ.சி இருக்கும் பெட்ரூம்தான் புரொஜெக்டருக்குச் சரியான இடம். அங்கே தூங்குகிறவர் யார், எத்தனை மணிக்குத் தூங்குவார் என்பதையும் சேர்த்து யோசித்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்தில், ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, படம் விழப்போகும் சுவரோரம் நின்று செய்தித்தாளைப் பிரியுங்கள். எழுத்துகளைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால், சின்ன புரொஜெக்டருக்கு அந்த அறை ஒத்துவராது. கனமான திரைச்சீலைக்கு முதலில் செலவு செய்யுங்கள். படிக்கவே முடியவில்லையா? தைரியமாக வாங்கலாம்.

வாங்கிய பிறகும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். டிவியை மட்டும் விற்றுவிட வேண்டாம். மதிய மேட்ச்சுக்குத் தாத்தாவுக்கு அது வேண்டும்.