கடை லீஸில் கையெழுத்து வைக்கும் முன்

லண்டனில் கடை எடுக்கப் போகும் நம்மவர்கள் வாடகை, முற்பணம், சனநடமாட்டம் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். இபிசி எனப்படும் எரிசக்திச் சான்றிதழைக் கேட்பவர்கள் குறைவு. கட்டடம் எவ்வளவு மின்சாரத்தையும் எரிவாயுவையும் தின்னும் என்பதை அது ஏ+ முதல் ஜி வரை தரம் பிரித்துச் சொல்கிறது. உரிமையாளர் அதை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால், அஞ்சல் குறியீட்டைப் போட்டு அரசின் இணையப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். திகதியையும் கவனியுங்கள், பத்து ஆண்டுகள்தான் செல்லும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எஃப், ஜி தரக் கட்டடங்களைப் புதிதாக வணிக வாடகைக்கு விட 2018 ஏப்ரல் 1 முதல் தடை உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பு லீஸ்களுக்கும் அதே தடை. மீறும் உரிமையாளருக்கு, பிஸ்னஸ் ரேட் கணக்கிடும் மதிப்பை வைத்து 1,50,000 பவுண்ட் வரை அபராதம் விழலாம். தரம் உயர்த்தும் செலவு ஏழு ஆண்டு எரிசக்திக் கட்டண மிச்சத்தில் திரும்பாது என்பது போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை அரசின் விலக்குப் பதிவேட்டில் முறையாகப் பதிந்திருக்க வேண்டும், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். உரிமையாளர் சட்டத்தை மீறினாலும் லீஸ் செல்லும். சான்றிதழைக் காட்டி நீங்கள் வாடகையை நிறுத்த முடியாது. அதைவிட மோசம், பல லீஸ்களில் 'சட்டம் கோரும் வேலைகளை வாடகைதாரரே செய்ய வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். பழைய ஹீட்டரையும் குழல்விளக்குகளையும் மாற்றும் செலவு அந்த வரி வழியாகவும், பொதுப் பராமரிப்புக் கட்டணம் வழியாகவும் உங்கள் தலையில் இறங்கலாம். உரிமையாளரின் கடமைக்கு வாடகைதாரர் பணம் கட்டுவது அநியாயம். ஆனால் கையெழுத்து வைத்தபின் அதை எதிர்த்து வாதாடுவது கடினம். தரம் உயர்த்தும் செலவு உரிமையாளருடையதே என்று லீஸிலேயே எழுதித் தரும்படி உங்கள் சொலிசிட்டர் மூலம் முன்கூட்டியே கேளுங்கள். மறுத்தால் வாடகையைக் குறைக்கப் பேசுங்கள், அல்லது வேறு கடை பாருங்கள்.

ஏற்கெனவே எஃப், ஜி கட்டடத்தில் இருப்பவர்கள் முதலில் விலக்குப் பதிவேட்டைப் பார்க்கலாம். அதில் இல்லையென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவிடம் முறையிடலாம்.

கடையின் ஒரு பகுதியைப் போன் கடைக்கோ முடிதிருத்துபவருக்கோ உள்வாடகை லீஸில் கொடுக்க எண்ணுகிறவர்களும் சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். அந்த லீஸில் உரிமையாளர் நீங்கள். கட்டடம் எஃப், ஜி தரம் என்றால் அபராதமும் உங்களுக்கே வரலாம்.